கண்ணாடி முன் வீனஸ்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்குவெஸின் ‘ரோக்பி வீனஸ்’ ஓவியத்தை அச்சிட்டிருந்தோம். முதுகை நமக்குக் காட்டிப் படுத்திருக்கும் வீனஸ் என்ற உரோமரின் காதல் தெய்வம், அவளுக்கு எதிரே முழந்தாளிட்டுக் கண்ணாடி பிடித்திருக்கும் அவளுடைய மகனான சிறகு முளைத்த குப்பிட், கண்ணாடிக்குள் மங்கலாக ஒரு முகம். அதையொட்டி வந்த கடிதங்களுக்கே இம்முறை பக்கத்தை ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தலைப்பு இல்லாமல் படத்தை மட்டும் தந்தால், அலங்காரம் செய்கிற பெண் வீனஸா வேறு யாருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிகிறது.
– உயர்தர மாணவி, மானிப்பாய்

பதில்: பெண்ணை விட்டுவிட்டு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிறகுள்ள சிறுவன் நின்றால் அநேகமாக வீனஸ்தான். புறா, ரோஜா, முத்து, மிர்ட்டில் இலை ஆகியவையும் அவளுக்குரியவை. மூன்று பெண்கள் சூழ நின்று தலைவாரிப் பூச்சூட்டினால் அவர்கள் ‘கிரேசஸ்’ எனப்படும் தோழியர். இத்தாலியரான அல்பானி வரைந்து இப்போது பாரிஸ் லூவரில் உள்ள ‘வீனஸின் அலங்காரம்’ இந்த வகை.

நெற்றிக்கு மேல் பிறைநிலாவும் அருகில் வில்லும் வேட்டை நாய்களும் இருந்தால் வேட்டைத் தெய்வமான டயானா. கையில் கடிதம் இருந்தால், அல்லது தூரத்து மாடத்திலிருந்து ஓர் அரசன் பார்த்தால், விவிலியத்தில் வரும் பத்சேபா. ரெம்பிராண்ட் 1654 இல் வரைந்த பத்சேபா கடிதத்தைக் கையில் வைத்தபடி யோசனையில் இருக்கிறாள். கீழே ஒரு முதியவள் அவள் பாதத்தைக் கவனிக்கிறாள். இரண்டு கிழவர்கள் ஒளிந்து பார்த்தால் சூசன்னா. கண்ணாடியோடு பாம்பு சுற்றியிருந்தால் அது பெண்ணே அல்ல, ‘விவேகம்’ என்ற குணத்தின் உருவகம். மண்டையோடும் அணையப் போகும் மெழுகுதிரியும் இருந்தால் நிலையாமை.

நாங்கள் அச்சிட்ட படம் இந்த விதிகளைப் பெரும்பாலும் மீறுகிறது. ரோஜா இல்லை, முத்து இல்லை, குப்பிட்டின் கையில் வில்லும் அம்பும் இல்லை. வழக்கமான பொன்னிறக் கூந்தலும் இல்லை, தலைமயிர் கபிலநிறம். சிறகை எடுத்துவிட்டால் அது மட்ரிட் நகரத்து வீடொன்றில் ஒரு பெண்ணும் பிள்ளையும் என்றே ஆகிவிடும். விடை எழுதும்போது இதைச் சொல்லுங்கள். அடையாளங்களின் பட்டியலை மட்டும் எழுதுகிறவருக்கும் படத்தைப் பார்த்து எழுதுகிறவருக்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

இன்னொன்று: பிரெஞ்சு ஓவியர் பூஷே 1751 இல் வரைந்த ‘வீனஸின் அலங்காரம்’ படத்தைப் பலர் பரோக் (17 ஆம் நூற்றாண்டுப் பாணி) என்று எழுதுகிறார்கள். அது ரொக்கோகோ, அதற்குப் பிந்திய 18 ஆம் நூற்றாண்டுப் பாணி. டிஷியன் 1555 அளவில் வரைந்த கண்ணாடி பார்க்கும் வீனஸ் மறுமலர்ச்சிக் காலத்தது. நடுவில் வருகிற ரூபென்ஸ், வூவே, அல்பானி, வெலாஸ்குவெஸ் ஆகியோரே பரோக்.

கேள்வி: அந்தக் கண்ணாடியில் வீனஸ் தன் முகத்தைப் பார்க்கிறாளா? முதுகுப்புறம் நிற்கிற எனக்கு அவள் முகம் தெரிகிறதென்றால், அவளுக்கு எப்படித் தெரியும்? இதை வைத்து வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது.
– விஞ்ஞானப் பிரிவு மாணவன், கரவெட்டி

பதில்: தம்பி, உங்கள் சந்தேகம் சரியானது. அவள் தன்னைப் பார்க்கவில்லை. ஒளி போன பாதையிலேயே திரும்பி வரும் என்பதால், கண்ணாடியில் அவளுடைய கண் உங்களுக்குத் தெரிந்தால் அதே கண்ணாடியில் உங்களுடைய கண்தான் அவளுக்குத் தெரியும். இதற்கு ‘வீனஸ் விளைவு’ என்றே பெயர் வைத்து, 2003 இல் பிரித்தானிய உளவியலாளர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். படத்தைப் பார்க்கிற பெரும்பாலானோர் “அவள் தன் அழகைப் பார்க்கிறாள்” என்றே சொல்கிறார்கள்.

வகுப்பிலேயே செய்து பாருங்கள். ஒருவரைக் கதிரையில் உங்களுக்கு முதுகு காட்டி இருத்துங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் 2 மீற்றரில் நில்லுங்கள். இன்னொருவர் அவருக்கு முன்னால் 1 மீற்றரில் ஒரு முகக்கண்ணாடியைப் பிடிக்கட்டும். முகம் உங்களுக்குத் தெரியும் வரை கண்ணாடியை மெல்லச் சரிக்கச் சொல்லுங்கள். தெரிந்தவுடன், இருப்பவரிடம் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். “உங்கட முகம்தான்” என்பார். பிறகு அவருக்குத் தன் முகம் தெரியும் வரை திருப்பச் சொல்லுங்கள். அப்போது உங்களுக்கு அவருடைய முகம் கிடைக்காது, அவருடைய பின்தலைதான் கண்ணாடியை மறைக்கும்.

அளவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. மேலே சொன்ன தூரங்களில் அவருடைய தலை உங்களிடமிருந்து 2 மீற்றரில் இருக்கிறது. கண்ணாடிக்குள் உள்ள விம்பமோ 2 + 1 + 1, அதாவது 4 மீற்றரில் இருப்பது போலத் தெரியும். ஆகவே விம்பத்தின் தலை நிஜத்தலையின் பாதி அளவாகத்தான் தெரிய வேண்டும். படத்தில் கண்ணாடிக்குள் உள்ள முகம் நிஜத்தலைக்கு ஏறக்குறையச் சமமாக இருக்கிறது. இது தெரியாமல் வந்த பிழையாக இருக்க முடியாது; அரண்மனைக் கண்ணாடிகளோடு வாழ்ந்து, கண்ணாடியை வைத்தே ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தை 1656 இல் கட்டியமைத்தவர் வெலாஸ்குவெஸ். விதிப்படி வரைந்தால் கண்ணாடிக்குள் ஒரு சிறிய தலைதான் கிடைக்கும். முகம் முகமாகத் தெரியாது. அதனால் பெரிதாக்கினார். பெரிதாக்கிய முகத்தை யாரென்று அடையாளம் காண முடியாதபடி மங்கலாகவும் ஆக்கினார். இந்த ஓவியத்தின் உயிரே அந்த மங்கலில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. உடலை நாம் பார்க்கிறோம். அவளோ கண்ணாடி வழியாக நம்மைப் பார்க்கிறாள்.

ரூபென்ஸ் 1614–15 அளவில் பலகையில் வரைந்த கண்ணாடி வீனஸிலும் இதே ஏற்பாடுதான்: முதுகு நமக்கு, முகம் கண்ணாடியில். ஆனால் அங்கே முகம் கூர்மையாக, நேராக நம் கண்ணுக்குள் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அந்தக் காலத்துக் கண்ணாடி இவ்வளவு மங்கலாகத்தான் இருந்ததா?
– சுன்னாகம்

பதில்: நம் வீட்டுக் கண்ணாடியை விடக் கொஞ்சம் இருண்டிருக்கும், ஆனால் படத்தில் உள்ளது போல முகம் கலங்காது. வெனிஸின் முரானோத் தீவில் கண்ணாடித் தகட்டின் பின்பக்கம் வெள்ளீயத் தாளை விரித்துப் பாதரசம் ஊற்றி ஒட்ட வைத்தார்கள். வெள்ளி பூசும் முறை 19 ஆம் நூற்றாண்டில் வந்தது. ஊதித் தட்டையாக்கிய கண்ணாடி என்பதால் பெரிய தகடு கிடைப்பது அரிது. ஓவியங்களில் குப்பிட் ஒருவனே தூக்கிப் பிடிக்கும் அளவில் கண்ணாடி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஊற்றிப் பரப்பும் முறையைப் பிரான்சில் கண்டது 17 ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

கேள்வி: ‘ரோக்பி வீனஸை’ தைலவர்ணத்தில் பார்த்து வரையத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு தரம் முயன்றும் உடல் சுண்ணாம்பு பூசியது போல வெளிறிப் போகிறது. நிழலில் சேறு போல ஆகிறது. எந்த அளவில், எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்?
– சித்திர ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: ரீச்சர், இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அளவு. மூலப்படம் 122.5 க்கு 177 சென்ரிமீற்றர். பாதியாக்கி 61 க்கு 88.5 என்று சட்டம் அடியுங்கள். நீங்கள் பார்த்து வரைகிற அச்சுப்படத்தின் அகலத்தை உயரத்தால் பிரித்துப் பாருங்கள், 1.44 க்குக் கிட்ட வர வேண்டும். வராவிட்டால் அச்சகத்தில் ஓரம் வெட்டியிருக்கிறார்கள். அதை வைத்து வரைந்தால் வீனஸின் பாதமோ திரைச்சீலையோ நெருக்குப்படும். கட்டம் போடச் சதுரம் தேவையில்லை. படத்தையும் கன்வஸையும் நீளத்தில் 8, உயரத்தில் 8 என்று பிரித்தால் போதும். கன்வஸில் ஒவ்வொரு கட்டமும் ஏறத்தாழ 11 க்கு 7.6 சென்ரிமீற்றர் வரும். கரியால் போடாமல் சோக்கால் போடுங்கள். கரி வெள்ளையோடு கலந்து ஊத்தையாக்கிவிடும்.

கன்வஸுக்கு ஜெசோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தரம். ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்கே. ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு 220 இலக்க அரத்தாளால் மெல்லத் தேயுங்கள். அதன் பிறகு வெள்ளை மேல் வரையத் தொடங்குவதுதான் உங்கள் முதல் பிரச்சினை என்று நினைக்கிறோம். பரோக் ஓவியர்கள் பெரும்பாலும் வெள்ளைத் தளத்தில் வரையவில்லை. கபிலமோ சாம்பலோ பூசிய தளத்தில் வரைந்தார்கள். வெள்ளைத் தளத்தில் எந்த நிறமும் இருட்டாகத் தெரியும். அதனால் கை தன்னாலே வெள்ளையை அள்ளும். முடிவில் எல்லாம் வெளிறும். அக்ரிலிக்கில் பேர்ண்ட் அம்பர் (கருங்கபிலம்) 2 பங்கு, யெலோ ஓக்கர் (மண்மஞ்சள்) 1 பங்கு, வெள்ளை 3 பங்கு சேர்த்து, தண்ணீர் விட்டு ஐதாக்கிப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். பனங்கட்டி நிறத்தை விட ஒரு படி வெளிச்சமாக இருந்தால் சரி.

கோடு போடும்போது முள்ளந்தண்டின் வளைவை முதலில் பிடியுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை அது ஒரே வீச்சில் போகும் மெல்லிய வளைவு. இடுப்பின் பள்ளத்தையும் அதற்கு மேல் எழும் தொடையையும் அதிலிருந்துதான் அளக்க வேண்டும். வெளிக்கோட்டிலிருந்து தொடங்கினால் இடுப்பு ஒடிந்தது போல ஆகிவிடும்.

உடலுக்கு வெள்ளை, யெலோ ஓக்கர், கட்மியம் சிவப்பில் இளம் வகை, ஐவரி கறுப்பு, இந்த நாலும் போதும். நீலம் எடுக்க வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த சாம்பல், சிவப்புக்குப் பக்கத்தில் நீலமாகவே தெரியும். மூன்று குவியல் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். நடுநிறம்: வெள்ளை 6, ஓக்கர் 1, சிவப்பு அரைப் பங்கு. அரைநிழல்: நடுநிறத்தில் கொஞ்சம் எடுத்து, தீக்குச்சித் தலையளவு கறுப்பு. வெளிச்சம்: நடுநிறத்தோடு வெள்ளை, கூடவே மிகச் சிறிது ஓக்கர். சுண்ணாம்பு தட்டுவது இந்தக் கடைசி இடத்தில்தான். ரைற்றேனியம் வெள்ளை மிகவும் பலமானது. பழைய ஓவியர்களின் ஈயவெள்ளையைப் போல மென்மையாகக் கலக்காது. அது தனியே சேர்ந்தால் தோல் குளிர்ந்து செத்துவிடும். ஓக்கர் இல்லாமல் வெள்ளையைத் தொடாதீர்கள். முழு வெள்ளைக்குக் கிட்டப் போகிற இடங்கள் இந்த முதுகில் ஓரிரண்டுதான்.

சேறு ஆவதற்குக் காரணம் வேறு. அரைநிழலுக்குள் பேர்ண்ட் அம்பரும் கறுப்பும் வெள்ளையும் மூன்றும் சேர்ந்திருக்கும். அம்பரை உடலுக்குள் விடாமல், கோட்டுக்கும் ஆழ நிழலுக்கும் மட்டும் வையுங்கள். அரைநிழலை இன்னொரு விதமாகவும் பெறலாம். இருண்ட தளம் காய்ந்த பிறகு, நடுநிறத்தை உலர்ந்த தூரிகையால் ஐதாக இழுத்தால் கீழே உள்ள கபிலம் ஊடாகத் தெரிந்து தானாகவே நீலச்சாம்பலாகும். ரூபென்ஸின் உடல்களில் தெரிகிற முத்துப் பளபளப்பு இப்படி வந்ததுதான். கலந்து கிடைக்கும் சாம்பலை விட இது உயிருள்ளது.

எண்ணெய் அளவில் தவறினால் படம் வெடிக்கும். முதற்படைக்கு டர்பன்டைன் மட்டும். இரண்டாவதற்கு டர்பன்டைன் 3, ஆளிவிதை எண்ணெய் 1. மூன்றாவதற்குச் சரிபாதி. அதற்கு மேல் எண்ணெய் கூட்டாதீர்கள். எண்ணெய் கூடிய படை மெல்லக் காயும், மெல்ல அசையும். அதற்கு மேல் எண்ணெய் குறைந்த படை விரைந்து இறுகினால் கீழே அசைகிறபோது மேலே வெடிக்கும். இதே காரணத்தால் வீனஸ் கிடக்கிற சாம்பல்நிறப் பட்டுத் துணியில் கவனம் வேண்டும். ஐவரி கறுப்பு காய அதிக நாள் எடுக்கும். முதற்படையில் அதைத் தடிப்பாக வைக்காதீர்கள். சிவப்புத் திரையை ஒரே நாளில் முடிக்கவும் முயல வேண்டாம். அடியில் சிவப்பும் அம்பரும் கலந்த மங்கிய நிறம் காயட்டும். அதன் மேல் அலிசரின் என்ற கடுஞ்சிவப்பை எண்ணெயில் ஐதாகப் பூசினால்தான் ஆழம் வரும்.

கடையில் ஆளிவிதை எண்ணெய் கிடைக்காதபோது சிலர் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் கலக்கிறார்கள். தேங்காயெண்ணெய் ஒருநாளும் காயாது. நல்லெண்ணெய் பிசுபிசுத்தபடியே இருக்கும். மரத்தளபாடங்களுக்கு விற்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும் ஆகாது. அது கறுத்துச் சுருங்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் போடவே வேண்டாம். அது காயும்போது வெப்பம் வெளிவிடும், தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவிடுங்கள்.

கண்ணாடிக்குள் உள்ள முகத்தைக் கடைசியாக வையுங்கள். வீனஸின் தோலை விட ஒரு படி இருட்டாக, கண்ணும் வாயும் வெறும் நிழல் திட்டுகளாக. ஈரமாக இருக்கும்போதே அகலமான மெல்லிய தூரிகையை ஒன்றுமே தோய்க்காமல் ஒருமுறை குறுக்கே இழுத்துவிடுங்கள். இமை, கண்மணி என்று தொடங்கினால் படம் கெட்டது. அதே போலக் குப்பிட்டின் கால்பக்கத்தைத் துப்புரவாக முடிக்க நினைக்காதீர்கள். மூலத்திலேயே அந்த இடம் கோடு போட்ட அளவில் விடப்பட்டிருக்கிறது.

கேள்வி: வரைந்த படத்தின் பின்பக்கம் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா?
– பருத்தித்துறை

பதில்: கூடவே கூடாது. துணி எண்ணெயை உறிஞ்சி முன்பக்கம் கறை போடும். மழை விட்ட நாளில் நிழலில் வைத்து, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். சுவரில் ஒட்டி மாட்டாமல் கீழ் மூலைகளில் தக்கை வைத்து ஓர் அங்குல இடைவெளி விடுங்கள். வெளிச்சுவரை விட உட்சுவர் நல்லது. வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் ஈரப்படத்தைச் சுவரைப் பார்த்துச் சரித்து வைத்தால் புழுதி ஒட்டாது.

கேள்வி: சாதிலிங்கமும் ஈயவெள்ளையும் வாங்கிப் பழைய முறையில் நாமே வர்ணம் அரைக்கலாமா?
– கொக்குவில்

பதில்: வேண்டாம். ஒன்று பாதரசம், மற்றது ஈயம். பொடியாக மூச்சில் போனால் உடம்பில் தங்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த எண்ணமே வேண்டாம். கட்மியம் சிவப்பையும் குழாயில் வருவதாகவே வாங்குங்கள்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிற பக்கத்தில் ஆடையில்லாத படத்தை ஏன் போடுகிறீர்கள்? அதைக் கலை என்று சொன்னால் சரியாகிவிடுமா?
– ஒரு தாய், நல்லூர்

பதில்: அம்மா, உங்கள் கேள்வி அந்தப் படத்தோடு பிறந்த கேள்வி. வெலாஸ்குவெஸ் வாழ்ந்த ஸ்பெயினில் இத்தகைய படங்களைத் திருச்சபையின் விசாரணை மன்றம் தடுத்தது. அரசன் நாலாம் பிலிப்பின் மாளிகையிலும் பிரபுக்களின் தனியறைகளிலும் மட்டும் டிஷியனின் படங்கள் போன்றவை இருந்தன. வெலாஸ்குவெஸ் வரைந்து இன்றுவரை தப்பிய ஆடையில்லாத பெண் ஓவியம் இது ஒன்றுதான். 1651 இல் ஒரு பிரபுவின் சேகரிப்புப் பட்டியலில் இது இடம்பெற்றிருக்கிறது. பணமும் அதிகாரமும் உள்ள ஆண்கள் கதவைப் பூட்டிவைத்துப் பார்த்த படம் என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

1914 மார்ச் 10 அன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் மேரி ரிச்சர்ட்சன் என்ற பெண் வாக்குரிமைப் போராளி இந்தப் படத்தை இறைச்சிக் கத்தியால் பல தடவை வெட்டினார். தங்கள் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் கைதானதை எதிர்த்துச் செய்ததாக அன்று சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, ஆண்கள் அதன் முன் வாய் பிளந்து நிற்பதும் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். வெட்டைத் திருத்திவிட்டார்கள். 2023 நவம்பரில் சூழலியல் போராளிகள் மேலிருந்த பாதுகாப்புக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்தார்கள். ரூபென்ஸின் வீனஸிலும் பேச ஒன்று உண்டு. அவளுடைய கூந்தலைத் தூக்கிப் பிடிக்கிற பணிப்பெண் கறுப்பினத்தவள். எசமானியின் தோலை இன்னும் வெளிச்சமாகக் காட்டவே ஓவியர் அவளை அங்கே நிறுத்தினார். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பேசும் வயது வந்துவிட்டது. சிறிய வகுப்புகளுக்கு இந்தப் படம் வேண்டாம் என்பதில் உங்களோடு நாங்களும் சேர்கிறோம். இனி நடுப்பக்கத்தைத் தனித்தாளாகத் தருவோம், வேண்டாதவர்கள் கழற்றிவிடலாம்.

தெய்வத்துக்கு அலங்காரமும் கண்ணாடியும் நமக்கு அந்நியம் அல்ல. பூசையில் அம்பாளுக்குக் கண்ணாடி காட்டிக் குடை, சாமரம் காட்டுவதை நல்லூர்ப் பக்கம் வாழ்கிற உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. திருப்பாவையில் ஆண்டாள் நோன்புக்குக் கேட்பதும் “உக்கமும் தட்டொளியும்”, விசிறியும் கண்ணாடியும்தான். அங்கே கண்ணாடி தெய்வத்துக்குச் செய்கிற உபசாரம். வெலாஸ்குவெஸ் அதைப் பார்க்கிறவனை நோக்கித் திருப்பி வைத்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பேசினால் உங்கள் மகளுக்கு நீங்களே நல்ல ஆசிரியர் ஆகலாம்.

கேள்வி: மூலப்படங்களை எங்கே பார்க்கலாம்? கைபேசியில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறமாகத் தெரிகிறது.
– திருநெல்வேலி

பதில்: ‘ரோக்பி வீனஸ்’ 1906 முதல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. ரூபென்ஸின் வீனஸ் லீக்டன்ஸ்டைன் இளவரசர் சேகரிப்பில். டிஷியனுடையது வாஷிங்டனில், அதை ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது அடியில் கைவிடப்பட்ட இரட்டை உருவப்படம் ஒன்று தெரிந்தது. நிறத்துக்கு அருங்காட்சியகத்தின் சொந்த இணையத்தளப் படத்தையே எடுங்கள், கைபேசியின் இரவு ஒளியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வீனஸுக்குக் கீழே உள்ள வெள்ளைத் துணி வெள்ளையாகத் தெரியாமல் மஞ்சளடித்தால் அந்தப் பிரதியை வைத்து வரைய வேண்டாம். வீனஸின் காலடியில் கிடக்கிற வெள்ளைத் துணிதான் நிறத்தைச் சரிபார்க்க நல்ல இடம்.